நார்மா ஒட்டிய முகம்

தன் தங்கை நார்மா வருகிறாள் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கடிதம் வந்த அன்றே என் மனைவி பெரில் வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டாள். அப்போது பிப்ரவரி. அவர்கள் வருவது ஜூனில்.

"நாலு மாசத்துல மறுபடி அழுக்காயிடுமே" என்றேன்.

"அப்ப மறுபடி துவைப்பேன். உனக்கென்ன வந்துது?" என்றாள்.

நான் முப்பத்து மூன்று வருஷம் சுண்ணாம்புக் கல் குவாரியில் லாரி ஓட்டியவன். எந்த வளைவில் ஹாரன் அடிக்கலாம், எதில் கம்மென்று போக வேண்டும் என்று தெரியும். கம்மென்று இருந்துவிட்டேன்.

பெரில் எங்கள் ஊரான இதே டன்லோவில் பிறந்தவள். டன்லோ பள்ளிக்கூடத்தில் படித்து, அதே பள்ளிக்கூடத்தில் இருபத்தோரு வருஷம் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறினாள். இப்போது ஐம்பத்தெட்டு வயது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுடைய அம்மாவை எங்கள் வீட்டிலேயே ஒன்பது வருஷம் வைத்துப் பார்த்தாள். அதில் கடைசி இரண்டு வருஷம் அந்த அம்மாள் படுத்த படுக்கை. சூப் கிண்ணத்தோடு பெரில் உள்ளே போனால், "நார்மாகிட்டேருந்து காயிதம் வந்துச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. ஊட்டிவிட்டு வந்து அவள் பாத்திரங்களைப் போடுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்குத் தபால் வந்ததா இல்லையா என்று நான் கண்டுபிடித்துவிடுவேன்.

நார்மா 1963-ல் கப்பல் ஏறியவள். டெர்பி ரயில் பட்டறைக்கு வேலை பழக வந்திருந்த ரஸ் என்ற ஆஸ்திரேலியனைக் கல்யாணம் செய்துகொண்டு, இருபத்திரண்டு வயதில் அடிலெய்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அம்மா செத்தபோதுகூட வரவில்லை. ஒரு மலர்வளையம் மட்டும் வந்தது. அது இருந்த பெரிசுக்கு ஊரே அதைத்தான் பேசியது. "எங்கம்மா பெட்டியே தெரியல வில்ஃப், அவ பூதான் தெரிஞ்சுது" என்று பெரில் ஒரு மாதம் புலம்பினாள். ஒன்பது வருஷம் படுக்கை விரிப்பு மாற்றியதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளுக்கு வயிறு எரிந்ததில் என்ன தப்பு?

ஆனால் பெரிலுக்கென்று இந்த ஊரில் ஒன்று இருந்தது. முகம்.

எங்கள் மலைப்பக்கத்து ஊர்களில் கோடை வந்தால் கிணற்றுக்கு அலங்காரம் செய்வோம். ஆளுயரப் பலகையில் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் வேதாகமக் காட்சி ஒன்றை வரைந்து, கோடுகளில் சின்னக் கருப்புக் காய்களை வரிசையாகப் பதித்து, நடுவிலெல்லாம் பூவிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்தி நிரப்பிப் படமாக்குவோம். மூன்று நாள் வேலை. சனிக்கிழமை பலகையைக் கிணற்றடியில் நிறுத்தி, பாதிரியார் ஜெபம் செய்துவிட்டுப் போவார். ஒரு வாரம் நிற்கும். பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து பார்ப்பார்கள். வானம், மரம், அங்கி எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். நடுவில் இருக்கும் முகம் மட்டும் 1972-லிருந்து பெரிலுடையது. இருபத்து நான்கு முகங்கள். மோசே, யோனா, நோவாவின் பெண்டாட்டி வரைக்கும். அவளுடைய அம்மாவை நான் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்க் காட்டுவேன். உற்றுப் பார்த்துவிட்டு, "மூக்கு கொஞ்சம் கோணல்" என்பாள். வருஷா வருஷம் அதேதான்.

விமான நிலையத்தில் நார்மா வெள்ளைக் கால்சட்டையோடு, நன்றாக வெயில் குடித்த கைகளோடு வந்து பெரிலைக் கட்டிக்கொண்டாள். "பெரில்! நீ கொஞ்சம்கூட மாறவேயில்ல!"

காரில் பெட்டிகளை ஏற்றும்போது பெரில் என் காதில் சொன்னாள்: "மாறலன்னா என்ன அர்த்தம்? இருபத்தஞ்சு வயசுலயே கிழவியா இருந்தேன்னா?"

ஊர் சுற்றிக் காட்ட அவள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். எந்த நாள் எங்கே, கார் எங்கே நிறுத்துவது, கழிவறை எங்கே, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, எல்லாம் அதில் இருந்தது. ஓட்டுநர் நான். முன் சீட்டில் ரஸ். ஆறரை அடி ஆள், பழுப்பேறிய முட்டி, அரைக்கால்சட்டை. வீட்டில் நீச்சல் குளம் வேறு இருக்கிறதாம். எனக்கும் அவனைப் பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் பொருமலாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

திங்கட்கிழமை டவ்டேல். ஆற்றின் குறுக்கே கல் கல்லாகப் போட்டிருக்கும். அதில் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். ரஸ் கரையில் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தான்.

"இதுவா ஆறு? எங்க ஊர்ல இத ஆறுன்னு கவனிக்காமலே தாண்டிப் போயிடுவோம்."

"உங்க ஊர்ல ஆத்துல தண்ணி இருக்குமா?" என்றேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கோபமே வராத ஆள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நார்மா மூன்றாவது கல்லில் நின்றுகொண்டு கத்தினாள். "ரஸ், நான் சொன்னேன்ல, இந்தக் கல்லுலதான் வழுக்கி விழுந்தேன்! மஞ்சக் கவுனோட! அப்பா பூட்ஸோட குதிச்சு என்னத் தூக்குனாரு!"

பெரில் தேநீர்க் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "விழுந்தது நான்."

"இல்ல கண்ணு, நான்தான். மஞ்சக் கவுனு எனக்கு நல்லா நெனவிருக்கு."

"அது என் கவுனு. மறு வருஷம் பிடிச்சுத் தெச்சு உனக்குக் குடுத்தாங்க. நீ கரையில நின்னு ஓன்னு அழுதே, உன்ன யாரும் தூக்கலன்னு."

"போ பெரில், இவ்வளவு வருஷம் நான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேனே!"

"சொல்லிட்டா விழுந்ததா ஆயிடுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு அடித் தண்ணீரில் விழுந்ததற்கு உரிமை கொண்டாட இரண்டு கிழவிகள். வீட்டுக்கு வந்து பெரில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்கறியா? எங்கப்பா என்னை ஒரே ஒரு தடவதான் தூக்கியிருக்காரு வில்ஃப். அதையும் எடுத்துட்டுப் போயிட்டா பாரு."

செவ்வாய்க்கிழமை காலையில் பேக்வெல், மதியம் ஷெஃபீல்ட். பேக்வெல் ரொட்டிக்கடையில் நார்மா கல்லாவில் இருந்த பெண்ணோடு ஐந்து நிமிஷம் பேசினாள். அந்தப் பெண் ஒரு புட்டிங்கைக் காகிதத்தில் சுற்றி, "இது என் கணக்கு, ஊருக்கு வந்தவங்களுக்கு" என்று சும்மா கொடுத்தாள். அந்தக் கடையில் பெரில் முப்பது வருஷ வாடிக்கை. உடைந்த துண்டுகூடக் கிடைத்ததில்லை. ஷெஃபீல்டில் நார்மா ஒரு பெரிய கடைக்குள் எங்களை இழுத்துக்கொண்டு போய், பெரிலுக்கு ஒரு நீலக் கோட்டு வாங்கினாள். நல்ல கம்பளி, உள்ளே பட்டுத் துணி. பெரில் நன்றி சொன்னாள். கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போது அவளுடைய முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என் கோட்டுக்கு என்ன குறைச்சல்?"

"ஒண்ணும் குறைச்சல் இல்ல. பாசத்துல வாங்கிக் குடுத்திருக்கா."

"பாசம். அம்மாவுக்கு ஒரு தடவ படுக்கையில பாத்திரம் வெச்சு எடுத்திருக்காளா, பாசம் பேச வந்துட்டா."

புதன்கிழமை அலங்காரம் தொடங்கியது. அந்த வருஷக் காட்சி, கிணற்றடியில் இயேசுவுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கும் சமாரியப் பெண். ஊர்க் கூடத்தில் பலகைகளை மேஜைமேல் படுக்கவைத்திருந்தார்கள். தலைமை எட்னா வாக்ஸ்டாஃப். ஒரு காலத்தில் தபால் நிலையத்தை நடத்தியவள். எழுபத்து நாலு வயது, கண்ணாடி மேல் கண்ணாடி போட்டாலும் பார்வை போதாது, ஆனால் குரல் மட்டும் குவாரி வெடி. நார்மாவைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"நார்மா! முப்பத்து மூணு வருஷம் கழிச்சு வந்திருக்கே! வந்ததுக்கு ஏதாவது செஞ்சுட்டுப் போகணும். வானம் ஒட்ட உன்ன உக்கார வெக்கமாட்டேன். முகத்த நீ செய்யி."

பெரில் ரோஜா இதழ்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ எட்னா, அது பெரிலோடது" என்றாள் நார்மா.

"பெரிலுக்கு அடுத்த வருஷம் இருக்கு, அதுக்கடுத்த வருஷம் இருக்கு. உனக்கு இருக்கா? என்ன பெரில்? நீ பக்கத்துலயே குடத்தச் செய்யி. அப்படியே நார்மாவையும் பார்த்துக்கோ."

எல்லாரும் பெரிலைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் அல்பம். "தாராளமா செய்யட்டும்" என்றாள் பெரில். ஆக, இருபத்து நான்கு வருஷம் முகம் செய்தவளுக்குக் கிடைத்தது ஒரு மண்குடம்.

இதழ் ஒட்டுவதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. கீழிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடி வரிசையை முதலில் ஒட்டி, அடுத்த வரிசையை அதன் தலைமேல் லேசாக ஏறும்படி வைத்து, அப்படியே மேலே போக வேண்டும். கூரைக்கு ஓடு போடுவது போலத்தான். பலகையை நிமிர்த்தியதும் மழைத் தண்ணீர் இதழ் மேலேயே வழிந்து கீழே போய்விடும். மேலிருந்து கீழாக ஒட்டினால் ஒவ்வொரு இதழின் வாயும் மேலே பார்த்திருக்கும். தண்ணீர் உள்ளே புகுந்து களிமண்ணைக் கரைக்கும். டன்லோவில் இது யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். ஆனால் நார்மா ஊரில் இருந்தவரை பலகையில் கைவைத்ததில்லை. சின்னவளாக இருந்தபோது பூப் பறிக்கும் வேலை. பலகையில் உட்காரும் வயது வந்தபோது அவள் பக்ஸ்டன் நடன அரங்கிலேயே கிடந்தாள்.

பதினோரு மணிக்கு நான் எல்லாருக்கும் தேநீர் கொண்டு போனேன். நார்மா நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். சமாரியப் பெண்ணின் நெற்றி முடிந்து, புருவத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

நெற்றியிலிருந்து கீழே.

நான் பெரிலைப் பார்த்தேன். அவள் அப்போதுதான் எழுந்து நார்மாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். நார்மா தலையைத் தூக்காமலே, "சரியா வருதா பெரில்?" என்று கேட்டாள். பெரில் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் தன் குடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வீட்டில் அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது மெதுவாக ஆரம்பித்தேன். "பெரில், அவ நெத்தியிலேருந்து..."

"தெரியும்."

"சொல்லலியா?"

"எட்னா குடுத்த வேல. எட்னா சொல்லட்டும்."

"எட்னாவுக்குக் கண்ணே தெரியாது. உன்னத்தான பார்த்துக்கச் சொன்னா."

"ரேடியோல ஒரு வாரத்துக்கு வெயிலுன்னு சொல்றான். இப்ப என்ன, குடி முழுகிப்போச்சா?" கத்தியைக் கீழே வைத்தாள். "அவ எத எடுத்தாலும் சரியாத்தான் வருது வில்ஃப். ஒண்ணாவது கொஞ்சம் தப்பா இருக்கட்டுமே."

நானாவது நார்மாவிடம் சொல்லியிருக்கலாம். வியாழன், வெள்ளி என்று முழுசாக இரண்டு நாள் இருந்தது. சொல்லவில்லை. பெரிலுக்குப் பயந்து என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த நீச்சல் குளத்துக்காரன் பெண்டாட்டி ஒரு தடவை தோற்றால் பார்க்கலாமே என்ற ஆசை. இதில் நான் பெரிலுக்கு இளைத்தவன் இல்லை.

சனிக்கிழமை பலகையை நிமிர்த்தினார்கள். சொல்லக் கூடாது, ஆனால் சொல்லத்தான் வேண்டும்: அந்த முகம் அற்புதமாக இருந்தது. பெரிலின் முகங்கள் எல்லாம் சுத்தமாக, அளவாக இருக்கும். நார்மாவோ சமாரியப் பெண்ணின் கன்னத்தில் வெளிறிய ரோஜாவோடு கொஞ்சம் காய்ந்த இதழையும் கலந்துவிட்டிருந்தாள். வெயிலில் நடந்து வந்த பெண்ணாகவே இருந்தாள் அவள். மூக்கு நேராக இருந்தது.

கூட்டத்தில் முதலில் வந்தது பாதிரியார். "பெரில், இத்தனை வருஷத்துல இதுதான் உங்களோட மிகச் சிறந்த முகம்."

"என் தங்கச்சி செஞ்சது" என்றாள் பெரில், எலுமிச்சையைக் கடித்த மாதிரி.

அடுத்து பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. "உங்க கைக்கு வைர மோதிரம் போடணும் பெரில்!"

"என் தங்கச்சி."

மூன்றாவதாகக் கசாப்புக் கடைக்காரர் வந்து அவள் தோளில் தட்டினார். "கண்ணெடுக்க முடியல, பெரில் கண்ணு. கலக்கிட்டே."

"நன்றி" என்றாள் பெரில்.

நான் திரும்பிப் பார்த்தேன். நார்மா இரண்டடி பின்னால் ஐஸ்கிரீமோடு நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள். புருவத்தை லேசாகத் தூக்கினாள், சிரித்தாள், கிணற்றுப் பக்கம் நடந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் பெரில் நன்றியே சொன்னாள். அன்று ஒரு நாற்பது நன்றி சொல்லியிருப்பாள். ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் இன்னும் கடுகடுப்பானது. அடுத்தவள் பாராட்டைத் திருடியும் அவளுக்கு ருசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் ஜனக் கூட்டம். ஞாயிறு இரவு டிவியில் வானிலைக்காரன் கையை மேற்கே நீட்டி, மறுநாள் மழை என்றான். பெரில் எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

திங்கட்கிழமை நோட்டுப் புத்தகப்படி மான்செஸ்டர். காலையில் கிளம்பும்போது நல்ல வெயில். பெரில் வழியெல்லாம் மேற்கு வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கால்வாய் பார்த்தோம், நூலகத்தைப் பார்த்தோம், ரஸ் கால்பந்து மைதானத்தை வெளியிலிருந்து படம் எடுத்தான். மதியம் ஒரு தேநீர்க்கடை ஜன்னலோரம் உட்கார்ந்தோம். அங்கேதான் நார்மா கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இத உனக்குக் காட்டணும்னு முதல் நாளிலேருந்து நெனச்சிட்டிருக்கேன்."

பதினெட்டு போட்டோக்கள். எல்லாம் பெரிலின் முகங்கள். மோசே, யோனா, நோவாவின் பெண்டாட்டி. எட்னாவின் கணவர் வருஷா வருஷம் அலங்காரத்தைப் படம் எடுப்பார், அவைதான். ஒவ்வொன்றின் பின்னாலும் அம்மாவின் கோணல் எழுத்து. பெரில் ஒன்றைத் திருப்பினாள். 'உன் அக்கா இந்த வருஷம் செஞ்சது. இவ கை மாதிரி இந்தப் பக்கத்துலயே யாருக்கும் வராது.' இன்னொன்றைத் திருப்பினாள். 'பெரில் போன வருஷத்தவிட நல்லா செஞ்சிருக்கா. நீயும் இருந்து பார்க்கலயே.'

"எங்கிட்ட மூக்கு கோணலுன்னாங்களே" என்றாள் பெரில்.

"எனக்கு அம்மா உன்னப் பத்தித் தவிர வேற எதுவும் எழுதுனதே இல்ல" என்றாள் நார்மா. "பெரில் முகம் செஞ்சா, பெரில் கேக் செஞ்சா, பெரில் என்னை ராணி மாதிரி பார்த்துக்கறா. நான் எப்படி இருக்கேன்னு ஒரு காயிதத்துலயும் கேட்டதில்ல. எனக்கு ரெண்டு குழந்தை வயித்துலயே போச்சு, அதுக்குப் பதிலா வந்தது யோனா போட்டோ. உன் பேரக் கேட்டாலே எனக்குப் பத்திட்டு வரும் பெரில். அம்மா போனப்பகூட, இங்க வந்து உன் பக்கத்துல நான் யாருன்னு நிப்பேன்னுதான் வரல. அதான் புதன்கிழம எட்னா கேட்டதும், உன்னுதுன்னு தெரிஞ்சும், வேணாம்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஒரு தடவையாவது நான் செய்யணும்னு ஆச."

ரஸ் தன் பெரிய கையை நார்மாவின் முதுகில் வைத்தான். நான் முதல் தடவையாக அவனை மனுஷனாகப் பார்த்தேன்.

பெரில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் மழைத் துளி விழுந்தது. இரண்டு, மூன்று, பிறகு தெருவே மங்கிப்போனது.

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "வில்ஃப், காரை எடு."

"இன்னும் கேக்கே வரலயே கண்ணு" என்றாள் நார்மா.

"காரை எடு!"

முப்பது மைல். மலைப்பாதையில் துடைப்பான் இரண்டும் தோற்றுப்போகிற மழை. பெரில் பின் சீட்டில் முன்னுக்குச் சாய்ந்து என் தோளைப் பிடித்திருந்தாள். "தார்ப்பாய் கூடத்துல இருக்கு. எட்னா போட்டிருப்பா. போட்டிருப்பா இல்ல?" என்று நாலு தடவை கேட்டாள். நார்மா ஒன்றும் புரியாமல், "அலங்காரத்துக்குத்தான பயப்படறே? நாப்பது வருஷமா மழையில நிக்கற பலகதான?" என்றாள். நான் லாரிக்காரனாக இருந்த காலத்தில்கூட அந்த இறக்கத்தில் அவ்வளவு வேகம் போனதில்லை.

நாங்கள் சேர்ந்தபோது மழை தூறலாகியிருந்தது. கிணற்றடியில் குடைகளோடு ஒரு இருபது பேர். எட்னா தார்ப்பாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்; நேரத்துக்கு வந்து சேரவில்லை போல. வானம் அப்படியே இருந்தது. மரங்கள், அங்கி, பெரிலின் குடம், எல்லாம் கழுவி விட்டது மாதிரி பளபளத்தன. நடுவில் முகம் மட்டும் இல்லை. நெற்றி முழுக்க வழிந்து கண்ணில் இறங்கி, கன்னம் பாளமாக உரிந்து, ரோஜா இதழ்கள் அடிச்சட்டத்தில் சேற்றோடு குவிந்து கிடந்தன. ஒரு பாதி உதடு மிச்சம் இருந்தது.

கசாப்புக் கடைக்காரர் பெரிலைப் பார்த்ததும் குடையைக் கொண்டுவந்து அவள் தலைக்குமேல் பிடித்தார். "விடு பெரில் கண்ணு. நமக்கும் வயசாகுது, கை முன்ன மாதிரி இருக்குமா?"

"இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு இதழ் விழுந்ததில்ல பாவம்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

நான் பெரிலையே பார்த்தேன். சனிக்கிழமை வாங்கிய நாற்பது நன்றிக்கும் இப்போது கூலி வந்துகொண்டிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் நார்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வெள்ளைக் கால்சட்டை முட்டி வரை சேறு.

"அவ செய்யல. நான் செஞ்சது. அவளச் சொல்லாதீங்க."

எட்னா இரண்டு கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு பலகையில் மூக்கு இடிக்கக் குனிந்தாள். மிச்சமிருந்த உதட்டோரத்தை விரலால் தடவினாள். "மேலேருந்து ஒட்டியிருக்கு" என்றாள். அவ்வளவு மெதுவான குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. நிமிர்ந்து பெரிலைப் பார்த்தாள்.

"மேலேருந்து ஒட்டினா தப்பா?" என்றாள் நார்மா. எல்லார் முகத்தையும் பார்த்துப் புரிந்துகொண்டாள். காதெல்லாம் சிவந்துபோனது. "எனக்குத் தெரியல. பெரிலுக்கும் தெரிஞ்சிருக்காது, அவ குடத்துல குனிஞ்சிட்டிருந்தா. பார்த்திருந்தா சொல்லியிருப்பா."

தப்பிக்க வழி அங்கேயே திறந்து கிடந்தது. தலையை ஆட்டினால் போதும், நார்மா வியாழக்கிழமை விமானம் ஏறிவிடுவாள், எல்லாம் முடிந்துபோகும். நானாக இருந்தால் ஆட்டியிருப்பேன்.

"பார்த்தேன்" என்றாள் பெரில். "புதன்கிழமையே பார்த்தேன் நார்மா. தெரிஞ்சேதான் சொல்லல."

நார்மா அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பெரில் தாங்கியிருப்பாள்.

"நீ என் பின்னாடி வந்து நின்னியே" என்றாள் நார்மா. "சின்ன வயசுலேருந்து என் கவுனுல ஒரு பட்டன் மாறியிருந்தாகூட நீ விட்டதில்ல. ஒண்ணும் சொல்லாம போனே. அப்ப நல்லா வருதுன்னுதான அர்த்தம்னு நெனச்சேன். அந்த மூணு நாளும் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு பெரில்."